கிரைண்டிங் வீல் முதல் உப்புத்தாள் வரை: பட்டறைக்கும் வீட்டுக்கும் ஒரு முழு வழிகாட்டி

கிரைண்டருக்குக் கீழே விழும் கருந்தூளில் ஒரு காந்தத்தைக் காட்டி, ஒட்டியதை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் தூளாக இருக்காது. லேத்தில் கடைசல் வேலை செய்யும்போது விழுமே சுருள் சுருளான பிசிறு, அதே வடிவம், முடியைவிட மெல்லிசாக. வீலில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு மணியும், அதாவது சொரசொரப்பான துகளும், ஒரு குட்டி உளி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உப்புத்தாளும் அப்படித்தான். மரத்தை அது தேய்ப்பதில்லை, ஆயிரம் உளிகளால் சீவுகிறது.

இதை ஏற்றுக்கொண்டால் பட்டறையில் நடக்கும் பாதித் தவறுகளின் காரணம் விளங்கிவிடும். கூரான உளியை யாரும் உடம்பு பாரம் முழுவதும் போட்டு அழுத்துவதில்லை. இரும்பு நீலம் பாய்ந்தாலோ, மரம் கருகினாலோ, வீல் மினுமினுத்துப்போய் வழுக்கினாலோ மணி வெட்டவில்லை, உரசிக்கொண்டு மட்டும் இருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் கை தானாகவே இன்னும் அழுத்தப் போகும். மாற்ற வேண்டியது வீலை.

மணி எது என்று முதலில் பாருங்கள்

கடையில் கிடைக்கும் எல்லா வீலும் தாளும் நாலைந்து வகை மணிகளுக்குள் அடங்கிவிடும்.

பழுப்பு நிற அலுமினியம் ஆக்சைடுதான் அன்றாடச் சரக்கு. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்பு, வெல்டிங் மேடு, மரம் எல்லாவற்றுக்கும் இதுவே போதும். இதன் வெள்ளை வகை சீக்கிரம் உடைந்து புது முனை காட்டும், சூடு குறைவு. பதம் போட்ட எஃகுக்கும் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல்களுக்கும் அதுதான். கருப்பு சிலிக்கான் கார்பைடு இவற்றைவிடக் கடினம், கூர்மையும் அதிகம். கிரானைட், டைல்ஸ், வார்ப்பிரும்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றுக்கு ஏற்றது. கடினம்தானே என்று எஃகில் வைத்தால் ஏமாற்றம்தான். அந்தச் சூட்டில் இரும்பு இதிலுள்ள கார்பனை இழுத்துக்கொள்வதால் முனைகள் மளமளவென்று மழுங்கும். கார்பைடு முனை வைத்த லேத் டூலுக்குப் பச்சை நிற சிலிக்கான் கார்பைடு. நீல நிற ஃபிளாப் டிஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் சிர்கோனியா. விலை கூடுதல், ஆனால் இரும்பு வேலைக்குப் பழுப்பைவிடப் பல மடங்கு உழைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நாள் முழுக்கத் தேய்ப்பவர்களுக்கு மட்டும் செராமிக் மணி கட்டுபடியாகும்.

அலுமினியம் ஆக்சைடின் இயற்கை வடிவத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயர் நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. சிலிக்கான் கார்பைடை 1891-இல் அமெரிக்காவின் எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் தற்செயலாகக் கண்டார். அவர் வைத்த பெயர் கார்போரண்டம். அந்தப் பெயரைத் தாங்கிய கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனம் 1954-இல் சென்னையில் தொடங்கியது.

வீலில் அச்சிட்டிருக்கும் எழுத்துகள்

பென்ச் கிரைண்டர் வீலில் 'ஏ 60 கே 5 வி' (A 60 K 5 V) என்பது போல ஒன்று இருக்கும். முதல் எழுத்து மணியின் வகை. 60 என்பது மணியின் அளவு. எண் கூடக்கூட மணி பொடியாகும். 24, 36 முரட்டு வேலைக்கு, 60 பொதுவான சாணைக்கு, 100, 120 கூர் தீட்டி முடிக்க. கடைசி எழுத்து மணிகளைப் பிணைத்திருக்கும் பசை எது என்று சொல்கிறது. வி என்றால் மண்பாண்டம்போல் சூளையில் சுட்டது, பி (B) என்றால் ரெசின், பி.எஃப். (BF) என்றால் உள்ளே கண்ணாடி நார் வலை வைத்த ரெசின். கையில் பிடிக்கும் கிரைண்டரின் கட்டிங், கிரைண்டிங் டிஸ்க் எல்லாம் இந்த பி.எஃப். வகைதான். வலை இல்லாத ரெசின் டிஸ்க்கை ஆங்கிள் கிரைண்டரில் ஒருபோதும் மாட்டக்கூடாது.

நடுவில் உள்ள 'கே' என்ற எழுத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அது மணியின் கடினம் அல்ல, பசை மணியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பது. ஆங்கில அகரவரிசையில் முன்னே வரும் எழுத்துகள் மெத்து, ஐ (I) முதல் பி (P) வரை நடுத்தரம், அதற்கு மேல் கெட்டி. விதி தலைகீழாகத் தோன்றும்: கடினமான எஃகுக்கு மெத்தென்ற வீல், மெதுவான இரும்புக்குக் கெட்டி வீல். கடின எஃகில் மணி சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய மணியைப் பசை விட்டுவிட்டால்தான் அடியிலிருக்கும் புது மணி வேலைக்கு வரும். கெட்டியாகப் பிடித்துக்கொண்டே இருந்தால் வீல் கண்ணாடிபோல் மினுமினுக்கும், டூல் எரியும். எம்.எஸ். இரும்பு மணியை அவ்வளவு சீக்கிரம் மழுக்குவதில்லை. அங்கே மெத்து வீல் வைத்தால் நல்ல மணியெல்லாம் வீணே உதிர்ந்து, வீல் ஒரே வாரத்தில் கரைந்துபோகும்.

நான்காவதாக வரும் எண் மணிகளுக்கு இடையிலான இடைவெளி. சின்ன வீல் வாங்கும்போது அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஆங்கிள் கிரைண்டர்: அளவும் வேகமும்

4 இஞ்ச் கிரைண்டரின் டிஸ்க் 100 மி.மீ., நடு ஓட்டை 16 மி.மீ. 5 இஞ்ச் 125 மி.மீ., 7 இஞ்ச் 180 மி.மீ., இரண்டுக்கும் ஓட்டை 22.23 மி.மீ. இந்த ஓட்டை வேறுபாடு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கின் விளிம்பு வேகத்துக்கு உச்ச வரம்பு பெரும்பாலும் நொடிக்கு 80 மீட்டர். மணிக்கு 288 கிலோமீட்டர் என்று நினைத்துப் பார்த்தால் அடுத்த தடவை கண்ணாடி போடாமல் ஸ்விட்சைத் தொடமாட்டீர்கள். இந்த வரம்பைச் சுற்றுக் கணக்கில் சொன்னால் 100 மி.மீ. டிஸ்க் 15,300 ஆர்.பி.எம்., 125 மி.மீ. 12,200, 180 மி.மீ. 8,500, இரும்பு வெட்டும் மேசை மெஷினான சாப் சாவில் போடும் 355 மி.மீ. கட்டிங் வீல் 4,300. டிஸ்க்கில் அச்சிட்ட எண் கிரைண்டரின் பெயர்ப் பலகையில் உள்ள எண்ணைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சிவப்புக் கோடு 80 மீட்டர் வேகத்துக்கு அடையாளம்.

சாதாரண 4 இஞ்ச் கிரைண்டர் 11,000 சுற்று ஓடும். அதில் கார்டை (டிஸ்க்கை மூடும் காப்புத் தகட்டை) கழற்றி, புஷ் (ஓட்டையைச் சிறிதாக்கும் வளையம்) போட்டு 7 இஞ்ச் டிஸ்க்கை மாட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 104 மீட்டர் ஆகிவிடும். தேய்ந்து சிறுத்துப்போன 7 இஞ்ச் டிஸ்க்கை 4 இஞ்ச் மெஷினில் மாட்டுவது இன்னொரு சிக்கனம். சிறுத்துவிட்டதால் வேகக் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் புஷ் நடுவில் உட்காராது, அதிரும், உள்ளே வலை எத்தனை இடத்தில் அறுந்திருக்கிறதென்று வெளியே தெரியாது. 40 ரூபாய் மிச்சம் பிடிக்க இந்த வேலை வேண்டாம்.

மரம் வெட்டும் பல் பிளேடை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுவது இதைவிடக் கொடியது. பல் மரத்தில் சிக்கிய நொடியே மெஷின் தொடைக்கோ முகத்துக்கோ திரும்பும். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

காலாவதித் தேதி டிஸ்க்குக்கும் உண்டு. நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். ரெசின் ஈரத்தை உறிஞ்சி வலுவிழப்பதால் ரெசின் டிஸ்க்குக்குப் பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 3 வருடம். கடற்கரை ஊர்களில் திறந்த கடையில் தொங்கும் டிஸ்க்கை வாங்கும்போது இந்த வளையத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

டிஸ்க் மாட்டும் முறை

1. பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது.

2. கார்டு இறுக்கமாக இருக்கிறதா, அதன் மூடிய பக்கம் உங்களை நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

3. உள் ஃபிளேஞ்சையும் (டிஸ்க்கைத் தாங்கும் உலோகத் தட்டு) லாக் நட்டையும் துணியால் துடையுங்கள். ஒரு இரும்புத் துணுக்கு இடையில் சிக்கினாலே டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்து ஆடும்.

4. டிஸ்க்கை மாட்டுங்கள். 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க் என்றால் லாக் நட்டின் மேடு டிஸ்க்கின் ஓட்டைக்குள் போகும்படி. 1 மி.மீ. கட்டிங் டிஸ்க் என்றால் நட்டைத் திருப்பி, தட்டைப் பக்கம் டிஸ்க்கில் படும்படி. மெல்லிய டிஸ்க் லூசாகச் சுற்றுகிறது என்ற புகாரில் பெரும்பாலும் இந்த நட்டுதான் குற்றவாளி.

5. ஸ்பேனரால் இறுக்குங்கள். சுத்தியால் தட்டி இறுக்க வேண்டாம், ஓடும்போது அதுவே இன்னும் இறுகும்.

6. கையால் ஒரு சுற்று சுற்றி, கார்டில் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிளக்கைச் சொருகி, டிஸ்க் சுழலும் நேர்க்கோட்டில் யாரும் நிற்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். குறையுள்ள டிஸ்க் பெரும்பாலும் இந்த முதல் நிமிடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது கைப்பிடி எப்போதும் இருக்கட்டும். கீழே வைப்பதற்கு முன் டிஸ்க் முழுவதும் நிற்கட்டும்.

மூன்று டிஸ்க், மூன்று கோணம்

கட்டிங் டிஸ்க் 1 முதல் 3 மி.மீ. வரை தடிமன். நேராக, 90 டிகிரியில் மட்டும். வெட்டி முடித்த கையோடு அதன் பக்கவாட்டால் பிசிறு தேய்ப்பது நாம் எல்லா ஊர்ப் பட்டறையிலும் காணும் காட்சி. 1 மி.மீ. டிஸ்க்குக்குப் பக்கவாட்டு வலு கிடையாது. ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்த பிறகு அடுத்த வெட்டில் சிதறும். வெட்டும்போது குழாய் இறுதியில் தொய்ந்து டிஸ்க்கைக் கவ்வாதபடி முட்டுக்கொடுங்கள். வெட்டுத்துண்டு தானாக விழும் பக்கம் காலியாக இருக்க வேண்டும். தாங்க வேண்டியது நீங்கள் வைத்துக்கொள்ளும் பக்கத்தை.

கிரைண்டிங் டிஸ்க் 6 மி.மீ. தடிமன், மணி 24 அல்லது 30. 20 முதல் 30 டிகிரி சாய்த்து முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாகப் பிடித்தால் பள்ளம் விழும். படுக்கவைத்தால் வெட்டாமல் உரசும்.

ஃபிளாப் டிஸ்க் என்பது எமரித் துணியை விசிறிபோல் அடுக்கி ஒட்டியது. 40, 60, 80, 120 நம்பர்களில் கிடைக்கும். 5 முதல் 15 டிகிரி போதும். தேயத்தேயப் புது மணி வெளிவருவதால் ஒரே மாதிரி வெட்டிக்கொண்டு வரும். தட்டையான வகை சமதளத்துக்கு, விளிம்பு சாய்ந்த கூம்பு வகை வெல்டிங் மேட்டைச் சீக்கிரம் குறைக்க. கை பழகாதவர்கள் இரும்பு வேலையில் இதோடு தொடங்குவது நல்லது. கிரைண்டிங் டிஸ்க் ஒரு நொடியில் போடும் பள்ளத்தை இது போடாது.

கேட் அல்லது கிரில்லின் வெல்டிங்கைத் தேய்த்து பிரைமருக்குத் தயார் செய்தல்

முதலில் சிப்பிங் சுத்தியால் ஸ்லேக்கை (வெல்டிங் மேல் படியும் கசடு) முழுக்கத் தட்டி, வயர் பிரஷ் போடுங்கள். ஸ்லேக் கண்ணாடி மாதிரி. அதோடு சேர்த்துத் தேய்த்தால் டிஸ்க்தான் வீணாகும்.

அடுத்த முடிவு குழாயின் கேஜைப் பொறுத்தது. 18 கேஜ் சதுரக் குழாயின் சுவர் 1.2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ. இவற்றில் கிரைண்டிங் டிஸ்க் வேண்டவே வேண்டாம். வெல்டிங் மேடு போன பிறகும் கை அரை நொடி தாமதித்தால் சுவரில் பாதி போய்விடும். பெயிண்ட் அடித்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது, ஒரு மழைக்காலத்தில் மூலை விட்டுவிடும். நேரடியாக 60 நம்பர் ஃபிளாப் டிஸ்க்கில் தொடங்குங்கள். 3 மி.மீ.க்கு மேற்பட்ட ஆங்கிள், பிளாட் வேலைகளில் மட்டும் கிரைண்டிங் டிஸ்க்கால் மேட்டைக் குறைத்து, தளத்துக்கு அரை மி.மீ. மேலேயே நிறுத்தி, மீதியை 60 நம்பர் ஃபிளாப்புக்கு விடுங்கள்.

மேட்டை நீளவாக்கில் தேய்க்க வேண்டும், குறுக்கே அல்ல. குறுக்கே ஓடினால் வெல்டிங்கின் இரு ஓரமும் பள்ளமாகும். துண்டுகள் சரியாகப் பொருந்தாத இடத்தில் தேய்க்கத் தேய்க்க ஓட்டை தெரிந்தால் தேய்ப்பதை நிறுத்தி, மறுபடி வெல்டிங் போட்டுவிட்டுத் தொடருங்கள். பட்டி வைத்து மூடிய ஓட்டைக்குள் தண்ணீர் நின்றுவிடும்.

ரெட் ஆக்சைடு பிரைமருக்கு 80 அல்லது 120 நம்பர் கீறலே சிறந்த பிடிமானம். அதற்கு மேல் பளபளக்கச் செய்வது நேர விரயம், பிரைமருக்கும் ஒட்ட இடம் இருக்காது. தின்னர் துணியால் எண்ணெய்ப் பிசுக்கையும் தூளையும் துடைத்து, அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். கடலோர ஊர்களில் தேய்த்த இரும்பு ஒரு இரவுக்குள் செம்மண் நிறம் காட்டும்.

ஸ்டெயின்லெஸ் கைப்பிடி வேலைக்கு தனி டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்.ஸில் ஓட்டிய டிஸ்க்கை ஸ்டெயின்லெஸ்ஸில் வைத்தால் அதில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் பரப்பில் பதிந்து, பத்து நாளில் பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். வாடிக்கையாளர் மட்ட ஸ்டீல் போட்டுவிட்டதாகச் சண்டைக்கு வருவார். ஸ்டீல் மேல் தவறே இருக்காது. இந்த வேலைக்கென்று இரும்பு, கந்தகம், குளோரின் சேராத டிஸ்க் தனியாக விற்கிறார்கள், அட்டையில் குறித்திருக்கும். நீல நிறம் பாய்ந்தால் அழுத்தம் அதிகம். அழுத்தத்தைக் குறையுங்கள், ஒரே இடத்தில் நிற்காதீர்கள்.

பென்ச் கிரைண்டரும் சாணையும்

புது வீல் மாட்டும் முன் தட்டிப் பார்க்க வேண்டும். சுட்ட வகை வீலை ஓட்டையில் விரலோ குச்சியோ விட்டுத் தொங்கவிட்டு, மரக் கைப்பிடியால் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு இஞ்ச் உள்ளே, செங்குத்துக் கோட்டுக்கு 45 டிகிரி பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். மணிபோல் கணீரென்றால் நல்லது. உடைந்த பானைபோல் மொட்டையாகக் கேட்டால் உள்ளே விரிசல், குப்பையில் போடுங்கள். வீலைக் கொஞ்சம் சுற்றி மறுபடி தட்ட மறக்காதீர்கள். ரெசின் வீலுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. வீலின் இருபுறமும் ஒட்டியிருக்கும் அட்டை வட்டத்தைப் பிய்த்துவிடாதீர்கள். ஃபிளேஞ்சின் அழுத்தத்தைச் சமமாகப் பரப்புவது அதுதான்.

டூலை ஊன்றும் டூல் ரெஸ்டுக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மிகக்கூடாது. மேலே உள்ள நாக்குத் தகட்டுக்கு 6 மி.மீ. வரை இருக்கலாம். இடைவெளி கூடினால் கத்தியின் முனை அந்தச் சந்தில் இழுபட்டு வீலை உடைக்கும், விரலையும் கூட்டிப்போகும். வீல் தேயத்தேய ரெஸ்டை நகர்த்த வேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை. 150 மி.மீ. வீல் 2,850 சுற்றில் விளிம்பில் நொடிக்கு 22 மீட்டர் ஓடும். அதுவே 110 மி.மீ. ஆகத் தேய்ந்தால் 16 மீட்டர்தான். வேகம் குறையும்போது வீல் மெத்தாகிவிட்டதுபோல் உதிரும். சரக்கு மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

அருவாள், உளி தீட்டும்போது கண் நிறத்தில் இருக்க வேண்டும். விளிம்பு வைக்கோல் மஞ்சளானால் சுமார் 220 டிகிரி செல்சியஸ், நீலமானால் 290-ஐ ஒட்டிவிட்டது. கார்பன் ஸ்டீல் உளியின் முனை நீலமானால் அங்கே பதம் போய்விட்டது. அந்தப் பகுதி முழுவதையும் மெதுவாகத் தேய்த்து எடுத்தால்தான் கூர் நிற்கும். பக்கத்தில் தண்ணீர் டப்பா வைத்து, விரல் சூடு தாங்காமல் போகும் முன்பே முக்குங்கள். ஹெச்.எஸ்.எஸ். டிரில் பிட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள், நுண் விரிசல் விடும்; காற்றில் ஆறட்டும்.

ஒரு பக்கம் தீட்டி முடிக்கும்போது மறுபக்கத்தில் விரலில் தட்டுப்படும் பிசிறு எழும். விளிம்பு நெடுகப் பிசிறு எழுந்தால் தீட்டியது போதும். பிறகு கிரைண்டரை விட்டு எண்ணெய்க் கல்லுக்கு மாறி அந்தப் பிசிறை எடுங்கள். கிரைண்டரிலேயே பிசிறை எடுக்க முயன்றால் அது பக்கம் மாறி மாறி எழுந்துகொண்டே இருக்கும், கத்திதான் குறுகும்.

வீலில் உலோகம் அப்பி அடைத்துக்கொண்டாலோ மினுமினுத்தாலோ டிரஸ்ஸரால் மேல்தோலை எடுங்கள். நட்சத்திரச் சக்கர டிரஸ்ஸரை ரெஸ்டில் ஊன்றி, இடமிருந்து வலமாக ஒரே சீராக ஓட்ட வேண்டும். அலுமினியத்தைச் சாதாரண வீலில் தேய்க்கக்கூடாது. உருகி இடுக்குகளில் அடைத்து வீலைச் சூடாக்கும், அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் சேர்ந்து கிடந்தால் தீப்பொறியில் பற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, பென்ச் கிரைண்டருக்கு முன் துணிக் கையுறை எல்லாம் ஆகாது. ஆங்கிள் கிரைண்டருக்குத் தோல் கையுறை சரி. கண்ணாடியோடு முகக் கவசமும் இருந்தால் நல்லது.

உப்புத்தாளின் நம்பர்

தாளின் பின்பக்கம் 'பி' (P) எழுத்தோடு எண் இருந்தால் அது ஐரோப்பியக் கணக்கு. பி40 மணி சுமார் 0.42 மி.மீ., பி80 0.2 மி.மீ., பி120 0.125 மி.மீ., பி240 0.06 மி.மீ., பி400 0.035 மி.மீ. எழுத்து இல்லாத அமெரிக்கக் கணக்கில் 220 வரை கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்கு மேல் இரண்டும் பிரிந்துவிடும். அமெரிக்க 400 என்பது பி800-ஐ ஒத்தது, 600 என்பது பி1200-ஐ. இரண்டையும் கலந்து வாங்கிவிட்டு நம்பர் கூடியும் கீறல் போகவில்லை என்று குழம்புவது இதனால்தான்.

தாளின் வகையும் முக்கியம். மணி நெருக்கமாக இருப்பது இரும்புக்கு, இடைவெளி விட்டு ஒட்டியது மரத்துக்கும் பெயிண்டுக்கும். வெள்ளையாகச் சோப்புப் பூச்சுப் போட்டது பட்டி, சீலர் (மரத் துளைகளை அடைக்கும் பூச்சு) தேய்க்க, ஏனென்றால் அது அடைக்காது. கருப்பு வாட்டர் பேப்பர் தண்ணீரோடு. துணி எமரி இரும்புக்கும் வளைவுகளுக்கும்.

9க்கு 11 இஞ்ச் தாளை நாலாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் மூன்றாக மடியுங்கள். இரண்டாக மடித்தால் மணியோடு மணி உரசி இரண்டும் வீண். சமதளத்தில் விரலால் தேய்க்காதீர்கள், விரலின் பள்ளம் மரத்தில் வரும். பாலிஷ் அடித்த பிறகு வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும். பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி ஒரு மரக்கட்டையில் ஒட்டினால் கடையில் விற்கும் பிளாக்கைவிட நன்றாக உழைக்கும்.

பழைய தேக்குக் கதவைத் தேய்த்தல்

முதலில் ஒரு எச்சரிக்கை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.க்குள் வைக்கும் இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கலாம். அத்தகைய கதவை உலர்ந்த நிலையில் மெஷினால் தேய்க்காதீர்கள். பெயிண்ட் ரிமூவர் போட்டுச் சுரண்டியெடுத்து, மீதியை ஈர வாட்டர் பேப்பரால் தேயுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம், சுரண்டலைத் துடைத்துக் கட்டி எறியுங்கள்.

மரம் தெரிந்த பிறகு வரிசை இது: பி80, பி120, பி180, பி220. ஆழமான உளிக்காயம் இருந்தால் மட்டும் பி60. ஒரு நம்பரின் வேலை முந்தைய நம்பர் போட்ட கீறலை எடுப்பது மட்டுமே. பி80-இலிருந்து பி220-க்குத் தாவினால் மேல் முனைகள் மழுங்கி வழவழப்பாகத் தெரியும். கையால் தடவினால் ஏமாறுவீர்கள், ஸ்டெயின் (மரச்சாயம்) போட்டதும் பி80-இன் கோடுகள் கருத்து எழுந்து நிற்கும். ஒவ்வொரு நம்பருக்கும் முன் பென்சிலால் லேசாகக் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுங்கள். கோடு முழுதும் மறைந்தால் அந்த நம்பர் முடிந்தது. அடுத்ததற்குப் போகும் முன் தூளை முழுக்கத் துடையுங்கள், தங்கிவிட்ட ஒரு பி80 மணி பி180 வேலையில் புதுக் கீறல் போடும்.

கையால் தேய்ப்பது மரத்தின் இழை ஓடும் திசையில் மட்டும். சுழலும் சாண்டர் 125 மி.மீ. வாங்கியிருந்தால் பேடின் ஓட்டையும் தாளின் ஓட்டையும் பொருந்த ஒட்டி, வேக்குவம் பொருத்துங்கள். மெஷினை மரத்தின் மேல் வைத்த பிறகு ஓடவிட்டு, தூக்கிய பிறகு நிறுத்துங்கள். நொடிக்கு ஒரு இஞ்ச் வேகத்தில் நகர்ந்தால் போதும். அதன் சொந்த எடையே அழுத்தம். அழுத்தினால் சுழற்சி நின்று, பன்றி வால் போன்ற சுருள் கீறல்கள் விழும். சாண்டரை ஓரங்களில் சாய்த்தால் விளிம்பு உருண்டுவிடும். கதவின் செதுக்கல், நெளிவுகளில் மெஷின் போகாது. துணி எமரியைப் பென்சிலிலோ குழாய்த் துண்டிலோ சுற்றிக் கையால்தான்.

பி180 முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். மடங்கிக் கிடந்த இழைகள் முள் முள்ளாக எழும். அதைப் பி220-ஆல் லேசாக ஓட்டி எடுத்தால் பிறகு பாலிஷில் சொரசொரப்பு வராது. இந்தப் படியை விட்டுவிட்டு முதல் கோட்டில் கை வைத்துப் பார்த்துக் கவலைப்படுபவர்கள் பலர். வெறும் மரத்தில் பி220-க்கு மேல் போவது பயனில்லை, ஸ்டெயினைக் குடிக்காது. குறுக்குவெட்டு முகங்களை மட்டும் ஒரு நம்பர் கூடுதலாகத் தேயுங்கள், இல்லாவிட்டால் அங்கே மட்டும் ஸ்டெயின் கருக்கும்.

சீலர் அடித்து உலர்ந்ததும் பி320 அல்லது பி400. இதில் தூள் வெள்ளை மாவாக உதிர வேண்டும். தாளில் உருண்டையாக ஒட்டினால் சீலர் இன்னும் காயவில்லை, தாளைக் குறை சொல்லாதீர்கள்.

தூள்

மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. கிரானைட், டைல்ஸ், கான்கிரீட் தேய்க்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது சிலிக்கோசிஸ் என்ற, திரும்பச் சரிசெய்ய முடியாத நுரையீரல் நோயைத் தரும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இதற்குத் தடுப்பே அல்ல. என்95 மாஸ்க் மூக்கில் சந்து விடாமல் போடுங்கள். கல் வேலையைத் தண்ணீர் ஊற்றித்தான் செய்யுங்கள், மெஷினும் ஈர வேலைக்கானதாக இருக்க வேண்டும். கிரானைட்டுக்குப் போடும் வெல்க்ரோ பேடுகளை 11,000 சுற்றில் ஓடும் சாதாரண கிரைண்டரில் மாட்டினால் பிய்த்துக்கொண்டு பறக்கும். வேகம் குறைக்கும் பாலிஷர் வேண்டும்.

தீப்பொறி போகும் பக்கம் தின்னர், மரத்தூள், பழைய துணி எதுவும் கிடக்கக்கூடாது. வேலை முடித்து அரை மணி நேரம் கழித்து அந்த இடத்தை ஒரு தடவை முகர்ந்து பாருங்கள்.

வைக்கும் முறை

டிஸ்க்குகளைத் தட்டையாக, ஒன்றின்மேல் ஒன்றாக, உலர்ந்த டப்பாவில் வையுங்கள். டூல் பெட்டியில் ஸ்பேனரோடு போட்டுக் குலுக்கினால் விளிம்பில் கீறல் விழும். விளிம்பு உடைந்த டிஸ்க்கை உடைத்தே எறியுங்கள், இல்லாவிட்டால் யாரோ மறுபடி எடுத்து மாட்டுவார்கள். சாண்டிங் பெல்ட்டை ஆணியில் தொங்கவிட்டால் மடிப்பு விழுந்து அந்த இடத்தில் அறும், பருத்த குழாயில் தொங்கவிடுங்கள். பெல்ட்டின் உட்பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அது ஓடும் திசை. தலைகீழாகப் போட்டால் ஒட்டு விட்டுவிடும். மழைக்காலத்தில் தாள் சுருண்டுபோனால் அரை மணி நேரம் வெயிலில் தட்டையாகப் போட்டுவிட்டு எடுங்கள்.